கல்லாறு என்பது யாதோவெனில்

பேய், முனி, குறளி என்று சொல்லப்படுபவற்றை நான் ஒருநாளும் நம்பியவன் அல்லன். வல்லைவெளியில் முனி மறிக்கும் என்று சொல்லி, என்னோடு படிப்பித்த ஆசிரியர்களே பொழுது சாய்ந்தபின் அவ்வழியே சைக்கிள் விடமாட்டார்கள். நான் தனியனாய்ப் பதிகம் பாடியபடி எத்தனையோ தரம் போய் வந்திருக்கிறேன். எதிர்க்காற்றைத் தவிர வேறெதுவும் என்னை மறித்ததில்லை. இறைவனை நம்புகிறவனுக்கு மற்றவற்றை நம்பவேண்டிய தேவை இல்லை என்பதே என் கொள்கை. ஆகவே இதை நான் சொல்லத் தொடங்கும்போது கேட்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதை நான் குறைகூறுவதில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: இது இரவில் நடந்ததன்று. பகல் பதினொரு மணிக்கு நடந்தது, நான் தனியே இருக்கவுமில்லை.

யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை என்று பள்ளிக்கூடத்தில் நானே முப்பது ஆண்டுகள் படிப்பித்தேன். படிப்பித்துவிட்டு வீட்டுக்கு வந்து, 'ஆத்தங்கரைக்குப் போட்டு வாறன்' என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் புறப்படுவேன். இடைக்காட்டில் எங்கள் வெங்காயத் தோட்டத்துக்கு அப்பால் கிடக்கும் அந்தப் பெரிய நீர்ப்பரப்பைக் கடல்நீரேரி என்று புத்தகம் சொல்லும். நாங்கள் ஆறு என்போம். தொண்டைமானாற்று முகத்தில் கடலைத் தொட்டுத் தொடங்கி, வல்லைப் பாலத்தின் கீழே புகுந்து, வடமராட்சியை ஒரு கையாலும் வலிகாமத்தையும் தென்மராட்சியையும் மறு கையாலும் அணைத்துக்கொண்டு, கிழக்கே கண்ணுக்கு எட்டாத தூரம் வரை அது நீண்டு கிடக்கிறது. முற்காலத்தில் உப்பு ஏற்றிப்போக வந்த தொண்டைமான் ஒருவன் கப்பல் புகுவதற்காக அதன் நடுவே ஆழமாக வெட்டுவித்தான் என்பர். அந்த ஆழத்துக்கு இன்றும் 'வெட்டு' என்றே பெயர். கோடையில் வற்றி உப்புப் பூத்துக் கிடக்கும். மாரியில் முகத்துவாரத்துக் கதவுகளை அடைத்தால் மழைநீர் நிரம்பி, பூநாரைகள் வந்து இறங்கி, பார்க்கப் பார்க்கத் திகட்டாத ஓர் அழகு. ஆண்டில் பாதி உப்பாகவும் பாதி நன்னீராகவும் இருப்பதால் அதனிடம் எனக்கு ஒரு தனி அன்பு. மனிதரும் ஏறக்குறைய அப்படித்தானே இருக்கிறோம்.

அந்த ஆற்றங்கரைக் கோயிலில் வீற்றிருக்கும் முருகன்மேல் என் பூட்டனார் ஒரு பதிகம் பாடி வைத்திருக்கிறார். ஆண்டுதோறும் திருவிழா முடிவில் அதைப் படித்துப் பயன் சொல்லுவது எங்கள் வழக்கம். பயன் சொல்லுதல் என்பது எங்கள் பக்கத்துக் கோயில்களில் உள்ள முறை: ஒருவர் செய்யுளை இராகத்தோடு படித்து நிறுத்துவார், பக்கத்தில் இருப்பவர் பதம் பிரித்துப் பொருள் சொல்லுவார், அவர் முடித்தபின்பே அடுத்த பாட்டு. படிப்பவர் பயன் சொல்லமாட்டார், பயன் சொல்பவர் படிக்கமாட்டார். படிப்பவன் நான். பயன் சொல்பவர் என் மனைவியின் தமையனார், ஆற்றுக்கு அக்கரையில் கரணவாயில் இருந்த சிற்றம்பலம் மச்சான். இருபத்தைந்து ஆண்டுகள் ஒரே பாயில் அடுத்தடுத்து இருந்தோம். நான் மூச்சுவிடும் இடத்தில் அவர் தொடங்குவார். அவர் குரல் தாழும் இடத்தில் என் குரல் எழும். ஊரில் எங்களை ஒரே வாய் என்று சொல்லுவார்கள்.

அந்த ஒரே வாயை இரண்டாக்கியது ஒரு சொல். பதிகத்தின் ஏழாம் பாட்டு இது:

புல்லாரும் பனிபோலப் புலனயர்ந்து புனலிடையே
நில்லாது தடுமாறி நெஞ்சழிவார் நிலைகாணக்
கல்லாறு காட்டுவித்த கதிர்வேலா கரைசேரச்
சொல்லாலே துதித்தேனைச் சுமந்தருளாய் துறையோனே.

கல்லாறு என்பதற்கு, கல்லைப்போன்ற நெஞ்சு ஆறாக உருகிப் பெருகுவது என்று என் தகப்பனார் சொல்லித்தந்தார். இருபத்தைந்து ஆண்டுகளும் மச்சான் அப்படியே பயன் சொல்லி வந்தார். ஒரு திருவிழாவில் திடீரென்று மாற்றிச் சொன்னார். ஆறு என்றால் வழி என்று ஒரு பொருள் உண்டே, கல்லாறு என்பது கல்வழி, இந்த ஆற்றின் அடியில் ஆட்கள் கடந்துபோக ஒரு கல்வழி இருந்திருக்கிறது, முன்னோர் அதைத்தான் பாட்டில் வைத்திருக்கிறார்கள் என்றார். படிப்பவன் வாய் திறக்கக்கூடாத இடத்தில் நான் வாய் திறந்தேன்.

"ஆத்துக்குள்ளை றோட்டுப் போட்டது ஆர் மச்சான், அரசாங்கக் கச்சேரியாலை வந்தவையோ?"

சபை முழுதும் சிரித்தது. அவர் சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். எட்டாம் பாட்டை நான் பயன் இல்லாமலே படித்தேன். அதற்குப்பின் ஆறு ஆண்டுகள் அவர் எங்கள் கோயிலுக்கும் வரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை, நானும் போகவில்லை. என் மனைவி இரத்தினமும் போகவில்லை. நான் போகாத இடத்துக்கு அவள் போகமாட்டாள். ஆனால் கறிக்கு உப்புக் குறைந்த நாட்களிலெல்லாம் ஒரு பேச்சுக் கேட்பேன்.

"ஒரு ஆறுக்கு அர்த்தம் கண்டுபிடிக்க உங்களுக்கு ஆறு வரியம் காணாதோ?"

எண்பத்தாறாம் ஆண்டு மார்கழியில் கரணவாயிலிருந்து ஒருவர் வந்து சேதி சொன்னார். மச்சானுக்குத் தொண்டையில் கட்டி. குரல் போய் ஒரு மாதம். விழுங்கவும் இயலவில்லை. கிழமை தாண்டுவது கடினம்.

அன்றிரவு நாங்கள் இருவரும் உறங்கவில்லை. விடிந்ததும் இரத்தினம் பெட்டியிலிருந்து மாற்று உடுப்பும், ஒரு சிறு பையில், பனங்கிழங்கை உலர்த்தி இடித்த ஒடியல் மாவும் எடுத்து மூட்டை கட்டினாள். விழுங்க ஏலாத மனிதருக்கு ஒடியல் மா எதற்கு என்று கேட்டேன். கூழ் காய்ச்சினால் மணந்தாவது பார்க்கட்டும் என்றாள். அவள் புறப்பட்டுவிட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நானும் சால்வையை எடுத்தேன். அவர் கண்மூடுமுன் அவர் முன்னே நின்று, நான் சபையில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பி எடுக்கவேண்டும்; எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

போர் நடந்த அந்நாட்களில் பாலத்து வழிகள் மூடப்பட்டிருந்தன. தெருவால் போவதானால் சோதனைக்கும் சூட்டுக்கும் நடுவே இரண்டு நாள் ஆகலாம், போய்ச் சேராமலும் விடலாம். ஆகவே சனங்கள் ஆற்றில் இறங்கி நடந்தே கடந்தார்கள். கடத்திவிடுபவர் மார்க்கண்டு என்று தொண்டைமானாற்று மனிதர், சிறு வயதிலிருந்தே அந்த ஆற்றில் இறால் பிடிப்பவர். வெட்டு எங்கே ஆழம், எங்கே சேறு தூர்ந்து நெஞ்சளவில் கடக்கலாம் என்பது அவர் காலுக்குத் தெரியும்.

"வாத்தியார், என்ரை முதுகைப் பாத்துக்கொண்டு வாங்கோ. தண்ணியைப் பாக்காதேங்கோ. தண்ணி ஆளை வேறை பக்கம் கூட்டிக்கொண்டு போடும்."

மார்க்கண்டு முன்னே, அடுத்து நான், என் சால்வை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு இரத்தினம், கடைசியில் சைக்கிளைத் தோளில் சுமந்த ஒரு மனிதர், நால்வராக இறங்கினோம். முழங்கால், தொடை, இடுப்பு என்று நீர் ஏறியது. பாதத்தின் கீழே சேறு; ஒவ்வொரு அடியையும் அதனிடம் கேட்டுக் கேட்டு வாங்கவேண்டியிருந்தது. ஏறக்குறைய நடுவுக்கு வந்திருப்போம். வாடைக்காற்றோடு மழை வந்தது. அந்த மழை எங்கள்மேல் பெய்தது என்று சொல்லமுடியாது. வெள்ளைச் சீலையை எறிந்து மூடியதுபோல் எல்லாம் ஒரு கணத்தில் மறைந்தன. இரு கரையும் இல்லை. மார்க்கண்டுவின் முதுகு இருந்தது; அதுவும் மங்கிக்கொண்டு வந்தது.

அந்நேரம் பின்னால் ஒரு சத்தம். சைக்கிள்காரர் சறுக்கி விழுந்து, சைக்கிளின் கீழே அகப்பட்டுக்கொண்டார். மார்க்கண்டு எங்களைக் கடந்து பின்னே பாய்ந்தார். முன்னால் வெட்டு, ஓர் அடியும் வைக்கவேண்டாம், தான் வரும்வரை அப்படியே நிற்கும்படி சொல்லிவிட்டுப் போனார். மழை அவரையும் மூடிக்கொண்டது.

நின்றோம். நாழிகை போனது. கூப்பிட்டோம், காற்று எங்கள் குரலை எங்கள் வாயிலேயே திருப்பி அடைத்தது. வாடை ஓங்கினால் கிழக்கே கிடக்கும் நீரையெல்லாம் ஒரு பக்கமாய்த் தள்ளிக்கொண்டு வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்று அதைப் பார்த்தேன். இடுப்பில் நின்ற நீர் என் மார்புக்கு வந்தது. இரத்தினம் என்னிலும் குட்டை, அவளுக்குத் தோளளவு. மூட்டையைத் தலையில் வைத்துப் பிடித்திருந்தாள். சேறு எங்களைக் கணுக்காலுக்குமேல் விழுங்கியிருந்தது. திரும்பிவிடுவோம், இயன்றவரை பின்னுக்கு நடப்போம் என்று சொன்னேன்.

"நீங்கள் திரும்புறதெண்டால் திரும்புங்கோ. நான் அண்ணையைப் பாக்காமல் திரும்பமாட்டன். ஆறு வரியம் உங்களுக்காகத் திரும்பி இருந்திட்டன்."

கோபமாகச் சொல்லவில்லை. சோறு போடட்டோ என்று கேட்கும் குரலில் சொன்னாள். முன்னே போனால் வெட்டு. நின்றால் நீர் ஏறுகிறது. பின்னே அவள் வரமாட்டாள். இந்நிலையில் என்னைப் போன்றவனுக்கு வேறென்ன தெரியும்? பாடத் தொடங்கினேன். எந்தப் பாட்டு என்று நான் தெரிந்தெடுக்கவில்லை. வாய் திறந்தபோது வந்தது ஏழாம் பாட்டு. 'புல்லாரும் பனிபோல' என்று எடுத்து, 'சுமந்தருளாய் துறையோனே' என்று முடித்து, பழக்கத்தினால் நிறுத்தினேன். பயன் சொல்ல இடம் விட்டேன்.

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். அந்த இடத்தில் பயன் வந்தது.

"கல்லாறு என்பது யாதோவெனில், கல்லினாலாகிய வழி. அஃது எவ்விடத்ததோவெனில், வாடைக்கு முகங்கொடுத்து நிற்பார்க்கு வலப்புறத்தது."

கோயிலில் சொல்லும் அதே நடை. அவசரமில்லாத அதே நிதானம். மழைக்குள் இருந்து வந்தது என்றோ அருகிலிருந்து வந்தது என்றோ என்னால் சொல்ல இயலாது. ஒலி எங்கும் ஒரே அளவாய் இருந்தது. சிற்றம்பலம் மச்சான் என்று என் நெஞ்சு அறிந்துகொண்டது. எனக்கு அச்சம் உண்டாகவில்லை. சொன்னால் வெட்கம், ஆறு ஆண்டுகளுக்குப் பின் என் பக்கத்துப் பாயில் ஆள் வந்து இருந்துவிட்டது என்ற மகிழ்ச்சியே உண்டாயிற்று. காற்றுக்கு முகத்தைக் கொடுத்தேன். வலக்காலைச் சேற்றிலிருந்து பிடுங்கி வலப்பக்கம் வைத்தேன். ஒன்றுமில்லை, சேறு. இன்னோர் அடி, சேறு. மூன்றாம் அடியில் உள்ளங்காலைச் சுரீரென்று ஏதோ கிழித்தது.

கல்.

மட்டி ஒட்டிய, சொரசொரத்த, அசையாத கல். இரத்தினத்தை இழுத்து அதன்மேல் ஏற்றினேன். நீர் அவளுடைய தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியது. அகலம் இரண்டு முழம் இருக்கலாம். காலால் தடவித் தடவி நடந்தோம். இடப்பக்கம் கால் தவறியபோதெல்லாம் அடி தெரியாத குளிர். அதுதான் வெட்டு, அதற்குக் குறுக்கே நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரமென்று தெரியாது. கல் முடிந்து மணல் வந்தது, மணலில் கண்டல் வேர் தட்டுப்பட்டது, மழையும் விட்டது. நாங்கள் நின்ற இடம் கரணவாய் உப்பளத்துக் கரை.

மச்சானுடைய மகள் வாசலுக்கு ஓடிவந்து அத்தையைக் கட்டிக்கொண்டாள். எங்கள் பாதங்களிலிருந்து ஓடிய இரத்தத்தைக் கண்டு, மஞ்சள் வைத்துத் துணி சுற்றிவிட்டுத்தான் உள்ளே விட்டாள். ஆகவே படுக்கையிலிருந்தே அவர் அந்தத் துணியைக் கண்டிருக்கக்கூடும். அதை நான் உங்களுக்கு மறைக்கவில்லை. பாதி உடம்பாய்ப் போயிருந்தார். கண் மட்டும் பழைய கண். தலைமாட்டில் ஒரு சிலேற்றுப் பலகை. குரல் போனபின் அதில்தான் எழுதிக் காட்டுவாராம். வந்த சேதி கேட்டோ, வழி கேட்டோ எழுதவில்லை. என்னைப் பார்த்தார், பலகையை எடுத்தார், எழுதினார்.

"கல்லு வெட்டிப்போட்டுதோ, மச்சான்?"

எழுதியதைத் துடைத்தார். மறுபடி எழுதினார்.

"இப்ப எண்டாலும் பதம் பிரிக்கத் தெரியுதோ?"

அவர் காலடியில் இருந்து, "நீர் சொன்னதுதான் சரி, மச்சான். நான்தான் கல்லு" என்றேன். அவர் சிரித்தார். சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. இரத்தினம் கூழ் காய்ச்சிக்கொண்டு வந்து மூக்கருகே பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் மணந்தார்.

ஐந்து நாள் இருந்தார். ஐந்து நாளும் காலையும் மாலையும் நான் பதிகம் படித்தேன். ஒவ்வொரு பாட்டு முடிவிலும் நிறுத்தினேன். அவர் இதழ்கள் அசையும். அசைவு நின்றபின் அடுத்த பாட்டை எடுத்தேன். யாருக்கும் கேளாத அந்தப் பயன் எனக்கு எழுத்தெழுத்தாய் விளங்கியது. ஐந்தாம் நாள் மாலை, பத்தாம் பாட்டின் பயன் முடியாமலே இதழ் நின்றது.

மார்க்கண்டு, நாங்கள் ஆறு கடந்த அன்றைக்கே வள்ளத்தில் எங்களைத் தேடித் திரிந்திருக்கிறார். சைக்கிள்காரரைக் கரையேற்றிவிட்டு வந்து பார்த்தபோது நாங்கள் நின்ற இடத்தில் வெறும் நீர் இருந்ததாம். கல்லின்மேல் நடந்து கரையேறினோம் என்றதும் என் முகத்தை ஒருமாதிரிப் பார்த்தார்.

"வாத்தியார், முப்பது வரியமா உதுக்குள்ளை நிக்கிறன். உதிலை சேறு இருக்கு, சிப்பி இருக்கு. கல்லு இல்லை."

அடுத்த கோடையில் ஆறு வற்றியபோது அவரும் நானும் கம்போடு போய்க் குத்திக் குத்திப் பார்த்தோம். ஆவணி வெயிலில் வெடித்த சேறும் வெள்ளை உப்புமே கண்டோம். என் வலது உள்ளங்காலில் குறுக்கே ஒரு தழும்பு இருக்கிறது. செருப்பைக் கழற்றினால் யாரும் பார்க்கலாம்.

இதுவரை சொன்னதற்கு நீங்கள் ஒரு விளக்கம் தேடிக்கொள்ளலாம். சிப்பிப் படுக்கை என்னலாம், மழையின் இரைச்சல் என்னலாம், மனப்பிரமை என்னலாம். என் மருமகன் அப்படித்தான் சொன்னான், நானும் வாதாடவில்லை. நான்கைந்து ஆண்டுகள் இதை வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லி வந்தேன். ஒருநாள் இரண்டு விருந்தாளிகளுக்குச் சொல்லி முடித்து, அவர்களை வழியனுப்பிவிட்டு உள்ளே வந்தபோது, இரத்தினம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

"இஞ்சேருங்கோ. ஒவ்வொரு முறையும் அண்ணையின்ரை குரல், அண்ணையின்ரை குரல் எண்டு சொல்லுறியள். என்ரை அண்ணையின்ரை குரல் எனக்குத் தெரியாதோ?"

அப்படியானால் யாருடைய குரல் என்று கேட்டேன்.

"உங்கடை குரல்தான். பாடினதும் நீங்கள், பயன் சொன்னதும் நீங்கள். நான் உங்கடை முகத்தைப் பாத்துக்கொண்டுதானே நிண்டனான். உங்கடை வாய்தான் அசைஞ்சது."

அந்தக் குரல் முடியும்வரை நான் வாயை மூடிக்கொண்டு கேட்டு நின்றேன். இதை எந்தச் சந்நிதியிலும் சத்தியம் செய்வேன். என் வாழ்நாளில் நான் பயன் சொன்னதில்லை. அந்தப் பொருளை நான் ஏற்றுக்கொண்டதுமில்லை. அந்த இடத்தில் வலப்புறம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவும் தெரியாது. இத்தனை நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, அவள் கண்ணைப் புறங்கையால் துடைத்தாள்; வெங்காயத்தினாலாக இருக்கலாம்.

"அண்ணைதான் வந்தவர் எண்டு நீங்கள் சொல்லச் சொல்ல எனக்கும் கேக்க ஆசையாத்தான் இருந்தது."

இன்றும் திருவிழா முடிவில் பதிகம் படிப்பவன் நான்தான். பயன் சொல்ல வேறொருவரை வைத்திருக்கிறோம். நல்லவர், கல்வழி என்றே பொருள் சொல்லுகிறார். ஏழாம் பாட்டைப் படித்து நிறுத்தியதும், அவர் தொடங்குவதற்கு முன்னே உள்ள அந்தச் சிறு இடைவெளியில், சால்வையை வாயில் வைத்து இறுக அழுத்திக்கொள்கிறேன். சபையில் உள்ளவர்கள் இருமலாக்கும் என்று நினைக்கிறார்கள். முன்வரிசையில் இருக்கும் இரத்தினம் அந்நேரம் சுவாமியைப் பார்ப்பதில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.